கணக்கை நீங்களும் எழுதுங்கள்: வாவியின் இருகரை உழைப்பாளிகளுக்கு ஒரு திறந்த மடல்



மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையில் வலை இழுத்தும், படுவான்கரையில் வயல் உழுதும், புளியந்தீவிலும் கல்லடியிலும் கல் அடுக்கியும் ஆட்டோ ஓட்டியும் மூட்டை சுமந்தும் ஜீவனம் நடத்துகிற நீங்கள், பொழுது சாய்ந்ததும் ரேஸ் கடையின் படியேறி, துண்டு எழுதி, எங்கோ ஓடுகின்ற குதிரைகளின்மேல் அன்றைய கூலியில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கட்டிவிட்டு வீடு திரும்புகிறீர்கள். உங்களில் பலரை நான் முகமறிய அறிவேன். சிலர் எனக்குத் தம்பி முறை, சிலர் மருமகன் முறை, சிலரோடு ஒரே வாங்கில் இருந்து படித்திருக்கிறேன். நேரில் கண்டு பேசலாமே என்றால், அந்தப் பேச்சைத் தொடங்கிய மாத்திரத்திலே தலையைக் குனிந்துகொள்கிறீர்கள். அல்லது, "மறுகா கதைப்பம்" என்று சொல்லி நழுவிவிடுகிறீர்கள். ஆகையால், எல்லோருக்கும் பொதுவாக, எவருடைய பெயரையும் சுட்டாமல், சொல்ல வேண்டியதை முழுவதும் சொல்லிவிடும் பொருட்டு இந்த மடலை எழுதத் துணிந்தேன்.

சூது பாவம் என்ற உபதேசத்தைக் கோயில் மண்டபத்திலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் நீங்கள் சிறு பிராயம் முதல் கேட்டிருக்கிறீர்கள். அது சத்தியம் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த உபதேசத்தால் வருகிற வெட்கம், மனிதனை அக்காரியத்தை விட்டுவிடச் செய்வதைக் காட்டிலும் ஒளிந்து செய்யும்படியே பெரும்பாலும் தூண்டுகிறது என்பதையும், ஒளிந்து செய்கிற காரியத்துக்கு எவனும் கணக்கு வைப்பதில்லை என்பதையும், கணக்கில்லாத இடத்தில்தான் நஷ்டம் தன் முகத்தை மறைத்துக்கொண்டு நெடுங்காலம் வாழ முடிகிறது என்பதையும் என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். எனக்கு அந்தக் கணக்குத் தெரியும். என் வாலிபப் பருவத்தில், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நுவரெலியாவில் நடக்கும் பந்தய நாட்களில், திடலிலேயே கடை விரித்துப் பந்தயப் பணம் ஏற்ற ஒரு புக்கியிடம் கணக்கெழுதும் வேலை பார்த்தேன். நீங்கள் இந்தப் பக்கம் நின்று காண்பதை நான் அந்தப் பக்கம் நின்று கண்டவன். அங்கே ஒரு நாள் எவ்விதம் கழிகிறது என்பதை அறிந்துகொள்ள உங்களுக்குப் பூரண உரிமை உண்டு. ஏனெனில் அந்த நாளின் செலவு முழுவதையும் கொடுக்கிறவர்கள் நீங்கள்தாம்.

நுவரெலியாப் பந்தயத் திடல் 1875 ஆம் ஆண்டு தோன்றியது. மலைநாட்டுத் துரைமார் தங்கள் உல்லாசத்துக்காக அமைத்துக்கொண்ட அத்திடலில், ஆளுநர் கிண்ணப் பந்தயம் ஓடுகிற நாளில், கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் அயல் தோட்டங்களிலிருந்தும் ஜனங்கள் திரளாக வந்து சேர்கிறார்கள். முதற்பந்தயத்துக்குக் குதிரைகள் வந்து நிற்கும்போதுதான் புக்கியின் வேலை தொடங்குகிறது என்று அவர்கள் எண்ணுகிறார்கள். உண்மையில், அவனுடைய வேலையில் முக்கியமான பாகம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முந்திய இரவில், குதிரைகளின் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் குதிரை எத்தனை தடவை ஓடியது, எவ்வளவு பாரம் சுமக்கிறது, யார் சவாரி செய்கிறார், மழை பெய்து தரை இளகினால் எதற்கு அனுகூலம், எதற்குப் பிரதிகூலம் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு விலையை அவன் நிர்ணயம் செய்கிறான். காலையில் அந்த விலைகளை வெண்கட்டியால் பலகையில் எழுதுகிறான். பலகையில் அவன் கடைசி எழுத்தை எழுதி முடிக்கிற அந்தக் கணத்தில், பணம் கட்டுவதற்கு ஒருவரேனும் வந்து சேராத அந்த வேளையில், அந்த நாளின் லாபத்துக்குரிய அஸ்திவாரம் போடப்பட்டாயிற்று.

அது எப்படி என்பதை, ஒரு கடதாசித் துண்டும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொண்டு, என்னோடு சேர்ந்து நீங்களே போட்டுப் பாருங்கள். ஆறு குதிரைகள் ஓடுகிற ஒரு பந்தயத்தில் பலகை விலை இவ்விதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: முதற் குதிரை இரண்டுக்கு ஒன்று, அதாவது ஒரு ரூபாய் கட்டி வென்றால் இரண்டு ரூபாய் லாபமும் கட்டிய ரூபாயும் கையில் வரும், மற்றவை மூன்றுக்கு ஒன்று, நான்குக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று, பத்துக்கு ஒன்று. இப்பொழுது எந்தக் குதிரை வென்றாலும் உங்கள் கைக்குப் பத்தாயிரம் ரூபாய் திரும்பி வரும்படி ஆறு குதிரைகளிலும் பணம் கட்டுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதற் குதிரையில் 3,333 ரூபாய், இரண்டாவதில் 2,500, மூன்றாவதில் 2,000, நான்காவதில் 1,667, ஐந்தாவதில் 1,111, ஆறாவதில் 909 கட்ட வேண்டியிருக்கும். கூட்டிப் பாருங்கள்: 11,520 ரூபாய். பத்தாயிரம் ரூபாயைப் பெறுவதற்கு நீங்கள் பதினோராயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். மிஞ்சிய ஆயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய், எந்தக் குதிரையின் கால் முந்தினாலும், மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும், புக்கியின் பைக்கு உரியது. ஒரு தனி மனிதன் ஆறு குதிரைகளிலும் கட்டுவதில்லை என்பது மெய்தான். ஆனால் ஜனக்கூட்டம் கட்டுகிறது. நீங்கள் ஒருவர், உங்கள் மைத்துனர் ஒருவர், அயல் ஊரார் ஒருவர் என்று ஆளுக்கொரு குதிரையாகப் பிரித்துக்கொண்டு, அந்த ஆறு தொகைகளையும் உங்களை அறியாமலே சேர்ந்து கட்டி முடிக்கிறீர்கள்.

இந்த யுக்தி நேற்று முளைத்ததன்று. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி விலை சொல்லிப் பந்தயம் ஏற்கும் முறை பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நியூமார்க்கட் திடலில் ஒக்டன் என்பவரால் தொடங்கப்பட்டது என்று பந்தய வரலாறு எழுதுவோர் கூறுவர். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ தேசங்களில் இத்தொழில் நிலைத்து நிற்பதற்கு, அதை நடத்துவோரின் அதிர்ஷ்டம் காரணமாக இருக்க முடியாது. அதிர்ஷ்டம் அத்தனை தலைமுறைகளுக்கு ஒரு பக்கத்திலேயே நின்றதாகச் சரித்திரம் இல்லை.

இனி, பந்தயம் நடக்கிற வேளையைச் சொல்கிறேன். புக்கி ஒரு சிறிய மேடையில் நின்று விலையைக் கூவுகிறான். பணத்தை வாங்கித் தோற்பையில் போடுகிறான். இலக்கமிட்ட டிக்கெட்டைக் கொடுக்கிறான். குதிரையின் பெயர், தொகை, வென்றால் கொடுக்க வேண்டியது ஆகிய மூன்றையும் அவன் உரக்கச் சொல்ல, பக்கத்தில் நிற்கிற நான் பேரேட்டில் எழுதுகிறேன். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பத்தி. ஒவ்வொரு பத்தியின் அடியிலும் அந்தக் குதிரை வென்றால் எவ்வளவு போகும், தோற்றால் எவ்வளவு நிற்கும் என்ற தொகை நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டிருக்கும். அவன் கண் ஓயாமல் அந்தத் தொகையிலேயே இருக்கும். ஒரு குதிரையில் பணம் மிகுதியாக விழுந்துவிட்டால், உடனே பலகையில் அதன் விலையை அழித்துக் குறைத்து எழுதுவான். எவரும் தொடாத குதிரையின் விலையை ஏற்றுவான். அதுவும் போதாவிட்டால், தன் தலைக்கு மேற்பட்ட பாரத்தின் ஒரு பங்கை வேறொரு பெரிய புக்கியிடம் தானே பணம் கட்டி இறக்கிவைப்பான். வேலிக்கு அருகில் நிற்கிற ஜனங்கள் குதிரையின் மினுமினுப்பான தோலையும், அது காதை மடக்குவதையும், ஜாக்கியின் பட்டுச் சட்டையின் வர்ணத்தையும் பார்த்துப் பரவசப்பட்டுக்கொண்டிருக்கும்போது, நானும் என் முதலாளியும் இலக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். குதிரைகள் கடைசி வளைவைத் திரும்பி, ஜனங்கள் தொண்டை கிழியக் கத்துகிற அந்தத் தருணத்திலும், பல தடவைகளில் அவர் ஓட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பந்தயத்தின் விலைகளைப் பலகையில் எழுதிக்கொண்டிருப்பார். எது வென்றது என்று அவர் என்னிடம் கேட்டு அறிந்துகொள்வார்.

சகோதரர்களே, இந்த ஒரு விஷயத்தை நீங்கள் சித்தத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். உங்களுக்கு இதயம் படபடக்கிற இடத்தில் அவனுக்கு யாதொரு சலனமும் இல்லை. நீங்கள் ஒரு குதிரையை நம்புகிறீர்கள். அவன் எந்தக் குதிரையையும் நம்புவதில்லை, நம்ப வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை. சூதாடுகிறவர்கள் நீங்கள் மட்டுமே. அவன் வியாபாரம் செய்கிறான்.

அவனுக்கு நஷ்டமே வருவதில்லையா என்று கேட்பீர்கள். வருவதுண்டு. எல்லோரும் ஒரே குதிரையில் கட்டி அதுவே வென்றுவிட்ட பந்தயத்தில், தோற்பை வெறுமையாகும்வரை நாங்கள் எண்ணிக் கொடுத்திருக்கிறோம். ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி, எடை சரியென்று கண்டு, முடிவு அறிவிக்கப்பட்டதும், டிக்கெட்டை நீட்டியவர்களுக்கு ஒரு சதமும் குறையாமல், முகம் சுளிக்காமல், மற்றவர்களும் கேட்கும்படி தொகையை உரக்கச் சொல்லிக் கொடுப்பதே என் முதலாளியின் வழக்கம். அந்த உரத்த குரலுக்குக் காரணம் உண்டு. வென்ற ஒருவன் கையில் நோட்டுக்களை வாங்குவதைக் கண்ட பத்துப் பேர் அடுத்த பந்தயத்துக்கு மேடையை நோக்கி வருவார்கள். வென்றவனும் போய்விட மாட்டான். தோற்றவர்களுடைய தொகை பேரேட்டில் என் கையெழுத்தில் மௌனமாகக் கிடக்கும். அதை எவரும் உரக்க வாசிப்பதில்லை. ஒரு பந்தயத்தின் நஷ்டத்தை இன்னொரு பந்தயமும், ஒரு நாளின் நஷ்டத்தை இன்னொரு நாளும் ஈடுசெய்யும்வரை காத்திருப்பதற்குப் புக்கியிடம் முதல் இருக்கிறது. நாளைக்கு அரிசி வாங்க வேண்டிய உங்களுக்குக் காத்திருக்கச் சக்தி இல்லை. அவனுடைய பலத்தில் பாதி அந்தக் கணக்கு. மறுபாதி அந்தப் பொறுமை.

நீங்கள் சொல்லக்கூடிய மறுமொழிகளையும் நான் நன்கு அறிவேன். "இது வெறும் அதிர்ஷ்டம் இல்லை, இதற்கும் அறிவு வேண்டும்" என்பீர்கள். மெய்தான். குதிரைப் பந்தயம் திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று, சென்னைக் கிண்டிப் பந்தயத்தைப் பற்றிய வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றமே 1996 இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் திறமை யாருடையது என்பதை ஆலோசித்துப் பாருங்கள். குதிரைகளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்களின் திறமை முழுவதும் அந்த விலைக்குள் முன்னரே அடங்கிவிட்டது. மிகுந்த நம்பிக்கைக்குரிய பேவரிட் குதிரை ஏறத்தாழ மூன்று பந்தயங்களுக்கு ஒன்றில் வெல்லும் என்பது பந்தய உலகம் நெடுநாளாக அறிந்த சங்கதி. அதை நீங்கள் அறிவதற்கு முன்பே புக்கி அறிந்து, அதற்கேற்பவே விலையைக் குறைத்து வைத்திருக்கிறான். நல்ல குதிரையைக் கண்டுபிடிப்பது போதாது. விலையிலே அவன் வைத்த தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். பகல் முழுவதும் வெயிலில் நின்றுவிட்டு வந்து, பத்து நிமிஷத்தில், கடையில் தொங்குகிற ஒரு தாளைப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவது உங்கள் அறிவுக்கே நீங்கள் செய்கிற அநீதி.

"எல்லாம் களவு, முன்னமே பேசி வைத்து ஓட்டுகிறார்கள்" என்றும் உங்களில் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் பாண்டவர் வனவாசம் போகிற சடங்கையும் அதன் பின் தீமிதிப்பையும் காண இருகரையிலிருந்தும் போய்வருகிற நாம், தருமன் சூதில் தோற்றதற்குச் சகுனியின் வஞ்சகமே காரணம் என்று எண்ணிப் பழகியிருக்கிறோம். அந்த எண்ணத்தில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. வஞ்சகம் இல்லாத இடத்தில் வெல்லலாம் என்ற ஆசையை அது மிச்சம் வைத்துவிடுகிறது. நான் வேலை பார்த்த மேடையில் வஞ்சகம் நடந்ததை நான் ஒருபோதும் கண்டதில்லை. குதிரைகள் நேர்மையாக ஓடின. ஜாக்கிகள் நேர்மையாகச் சவாரி செய்தார்கள். பணம் நேர்மையாகக் கொடுக்கப்பட்டது. அப்படியிருந்தும் மாலையில் ஜனங்கள் தோற்றே வீடு திரும்பினார்கள். பத்தாயிரத்துக்குப் பதினோராயிரத்து ஐந்நூற்றிருபது வாங்குகிறவனுக்குக் களவு எதற்கு?

"இன்ன ஊரில் இன்னான் ஐம்பது ரூபாய் கட்டி ஒரு பெரிய தொகை அடித்தான்" என்பது மூன்றாவது மறுமொழி. அப்படி அடிப்பவர்கள் டபுள், ட்ரெபிள் என்று பல பந்தயங்களைக் கோத்துக் கட்டியவர்கள். நாம் மேலே போட்ட கணக்கையே தொடர்ந்து போடுங்கள். ஒரு பந்தயத்தில் நீங்கள் கட்டுகிற நூறு ரூபாயில் சராசரியாகத் திரும்பி வருவது ஏறக்குறைய 87 ரூபாய். இரண்டைக் கோத்துக் கட்டினால் 75 ரூபாய். மூன்றைக் கோத்தால் 65 ரூபாய். கோவை நீள நீள வரப்போகிற தொகை கண்ணைப் பறிக்கும். திரும்புகிற பங்கு குறைந்துகொண்டே போகும். சிறிய தொகையில் பெரிய ஆசையை வாங்குகிற ஏழையிடம்தான் புக்கி அதிக வீதத்தில் கூலி வாங்குகிறான் என்பதே இதன் பொருள். வென்ற ஒருவனின் பெயர் வாழைச்சேனையிலிருந்து களுவாஞ்சிகுடி வரை பரவுகிறது; தோற்றவர்களின் பெயர்கள் அவரவர் வீட்டு வாசலைத் தாண்டுவதில்லை.

இதுவரை திடலைப் பற்றிச் சொன்னேன். உங்கள் நிலைமையோ திடலுக்கு வந்தவர்களின் நிலைமையைவிடப் பரிதாபகரமானது. அங்கே வந்தவன் வருஷத்தில் ஒரு பருவத்தில், ஒரு திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தான், குதிரையைக் கண்ணால் கண்டான், காற்று வாங்கினான், சில பந்தயங்கள் ஓடி முடிந்ததும், கட்டுவதற்கு வேறொன்றும் இல்லாமல், பஸ் ஏறினான். கொழும்பில் குதிரைப் பந்தயம் 1956 இல் நிறுத்தப்பட்டபோது, இந்தத் தேசத்தை விட்டு ஒரு துன்பம் ஒழிந்தது என்று நம்பியவர்கள் பலர். ஆனால் குதிரைகள் போயின. பந்தயம் கட்டுவது போகவில்லை. இன்று உங்கள் முன் திரையில் ஓடுபவை இங்கிலாந்தின் அஸ்கொட்டிலும் செல்ற்னமிலும் நியூமார்க்கட்டிலும் ஓடுகிற குதிரைகள். அங்கே பிற்பகல் இரண்டு மணியாகும்போது நமக்கு, அவர்களுடைய பருவத்துக்கேற்ப, மாலை ஆறரையோ ஏழரையோ ஆகிறது. நீங்கள் கூலி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிற அதே வேளை. ஒரு திடலில் ஓட்டம் முடிந்தால் இன்னொரு திடலில் தொடங்குகிறது. இன்றைக்கு முடிந்தால் நாளைக்கு இருக்கிறது. நீங்கள் அந்தக் குதிரையைக் கண்டதில்லை. அந்தப் புல்லை மிதித்ததில்லை. அங்கே மழை பெய்ததா என்பதையும் கடைக்காரன் ஒட்டிய தாளே உங்களுக்குச் சொல்ல வேண்டும். வாவியில் நீரின் நிறத்தைப் பார்த்து இறால் படுமா படாதா என்று சொல்லக்கூடிய நீங்கள், மேகத்தைப் பார்த்து விதைப்பை ஒரு நாள் தள்ளிப்போடுகிற நீங்கள், அத்தனை நுட்பமான அறிவையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டு, உங்களுக்கு ஒன்றுமே தெரியாத ஒரு விஷயத்தில் பணத்தைக் கட்டுகிறீர்கள்.

அரசாங்கம் உங்களைத் தடுத்துக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்திருக்கவும் வேண்டாம். குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதைப் பற்றிய கட்டளைச் சட்டம் 1930 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1988 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் புக்கிகளிடம் வருடாந்த அறவீடு வாங்குகிறது. நேரடி ஒளிபரப்பு வசதியுள்ள கடைக்கு ஒரு தொகை, அவ்வசதி இல்லாத கடைக்கு வேறொரு தொகை என்று அதற்குத் தராதரமும் உண்டு. அந்த அறவீட்டைக் கடைக்காரன் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கட்டுவதில்லை. நீங்கள் கட்டுகிற துண்டிலிருந்துதான் அதுவும் போகிறது, கடை வாடகையும் போகிறது, திரைக்குரிய கட்டணமும் போகிறது, துண்டு எழுதுகிற பையனின் சம்பளமும் போகிறது.

இத்தனை பேருக்கும் படியளக்கிற உங்கள் வீட்டில் நடப்பதை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. ஆயினும் ஒன்றை மட்டும் சொல்லாதிருக்க மனம் இடங்கொடுக்கவில்லை. உங்கள் மனைவியர் அயல்வீட்டுப் பெண்களோடு குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பிணை நின்று, நுண்கடன் எடுக்கிறார்கள். வாரத் தவணை வாங்க உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து வளவுக்குள் நிற்கும்போது, தவணை கட்ட முடியாதவள் தான் ஒருத்தி மட்டும் அவமானப்படுவதில்லை. அவளுக்குப் பிணை நின்ற மற்றப் பெண்களும் அந்தப் பணத்தைத் தேடி ஓடுகிறார்கள். ஆக, நேற்று மாலை நீங்கள் கட்டிய ஆயிரம் ரூபாய் உங்கள் தனிச் சொத்தன்று. அதிலே நீங்கள் பெயரும் அறியாத பெண்களின் மானமும் கலந்திருந்தது. "இண்டைக்கு ஒண்டு அடிச்சா எல்லாக் கடனும் தீந்திரும் மச்சான்" என்று நீங்கள் சொல்லும்போது, அந்தக் கடன் யாருடைய பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

போட்டியிலே ஒரு பக்கம் சார்ந்து நின்று ஆரவாரிக்கிற ஆசை மனிதனுக்கு இயற்கையானது. அதை நான் பழிக்கவில்லை. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி விளையாட்டிலே, ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து, கொம்போடு கொம்பைக் கொழுவி வடம் பூட்டி இழுத்து, ஒன்று முறிகிறவரை ஊணுறக்கம் மறந்து நின்ற ஜனங்களின் சந்ததியார் நாம். அங்கே வென்றவர்கள் தோற்றவர்களை வசை பாடினார்கள், தோற்றவர்கள் அடுத்த தடவைக்குக் கறுவிக்கொண்டார்கள், அவ்வளவோடு முடிந்தது. எவனுடைய வீட்டிலும் அதனால் உலை ஏறாமற் போனதில்லை. ஆகவே, சந்தோஷத்தை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் கொடுக்கிற விலை என்ன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றே கேட்கிறேன்.

இனி என் விண்ணப்பத்தைச் சொல்கிறேன். "நாளை முதல் கடைப்பக்கம் போகேன்" என்ற சத்தியத்தை உங்களிடம் நான் கேட்கவில்லை. அத்தகைய சத்தியங்கள் எத்தனை செய்யப்பட்டு எத்தனை முறிந்தன என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒரு கொப்பி வாங்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற சாதாரணக் கொப்பி போதும். தேதி, கட்டிய தொகை, திரும்பி வந்த தொகை என்று மூன்று பத்திகள் போடுங்கள். ஒரு போக காலம், அதாவது விதைப்பிலிருந்து அறுவடை வரை, துண்டு எழுதுகிற ஒவ்வொரு நாளும் தவறாமல் எழுதுங்கள். வென்றதை எழுதுகிற அதே உண்மையோடு தோற்றதையும் எழுதுங்கள். பத்து ரூபாயானாலும் விடாதீர்கள். புக்கியிடம் பேரேடு இருக்கிறது, உங்களிடம் இல்லை. அவன் எழுதுவதனால் அவனுக்குத் தன் நிலைமை ஒவ்வொரு நிமிஷமும் தெரிகிறது. நீங்கள் எழுதாததனால் வென்ற நாட்கள் மாத்திரமே உங்கள் ஞாபகத்தில் நிற்கின்றன. உங்கள் இருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசங்களில், உங்களால் இன்றைக்கே நீக்கிக்கொள்ளக்கூடியது இது ஒன்றுதான்.

அறுவடை முடிந்ததும் அந்தக் கொப்பியைக் கூட்டி, அந்தத் தொகையை உங்கள் மனைவியிடம் நீங்களே வாசித்துச் சொல்லுங்கள். அதன் பிறகு செய்ய வேண்டியது இன்னதென்று எவரும் உங்களுக்கு உபதேசிக்க வேண்டியிராது. கல்லடி உப்போடையில் சமாதி கொண்டிருக்கும் சுவாமி விபுலாநந்தர், 1947 இல் வெளிவந்த யாழ் நூலிலே, மறைந்துபோன இசைக்கருவியின் நரம்புகளையே கணிதத்தின் துணைகொண்டு மீட்டுக் காட்டினார். அப்பேர்ப்பட்டவர் வாழ்ந்த மண்ணிலே பிறந்த நமக்கு ஒரு கூட்டலும் கழித்தலும் கடினமாக இருக்க நியாயம் இல்லை.

இதனோடு சேர்த்து வேறு மூன்று காரியங்களையும் கேட்கிறேன். கூலி வாங்கிய நாளில் முதலில் வீட்டுக்குப் போய், சமையலுக்கும் தவணைக்கும் உரியதைக் கொடுத்துவிட்டுப் பிறகு வெளியே வாருங்கள். பிள்ளைகளின் கையில் துண்டைக் கொடுத்து அந்தக் கடைக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். உங்கள் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும், மண்ணெண்ணெயைப் பற்றியும் பசளையைப் பற்றியும் பேசுகிற அதே கூட்டத்தில், ஒரு தடவை, ஒரே ஒரு தடவையாவது, இந்த விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசுங்கள். கொப்பி எழுதியவர்கள் தங்கள் தொகையைச் சொல்லட்டும். எவரும் எவரையும் ஏளனம் செய்ய வேண்டாம். துண்டு எழுதுகிற பையனையும் ஏச வேண்டாம். அவனும் நம் ஊர்ப் பிள்ளை, வேறு வேலை கிடைக்காமல் அங்கே இருப்பவன்.

நீங்கள் கட்டுகிற பணத்தின் கணக்கு ஒவ்வொரு நாளும் எழுதப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதை எழுதுகிறவன் உங்கள் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறான். அந்தக் கணக்கை உங்கள் பக்கத்திலும் எழுதுங்கள் என்று, உங்கள் உழைப்பின்மேல் எனக்குள்ள மரியாதையை முன்வைத்து, இருகரைச் சகோதரர் அனைவரையும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். இந்தப் போகத்திலேயே தொடங்குங்கள்.

இங்ஙனம்,
உங்களுள் ஒருவன்